அறை கிலோ கேக்

காலை பத்து மணி. அடுப்பு சூடாக இருந்தது, கடையில்தான் ஈ காக்கை இல்லை.

கேக் கடைக்காரி தன் போனை இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் நீட்டினாள். கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் யாரோ பொய்ப்பெயரில் எழுதியிருந்தார்கள்: ‘இங்கே அறை கிலோ கேக் வாங்கினேன். பிள்ளைக்கு விடிய விடிய வாந்தி. யாரும் வாங்காதீர்கள்.’ ஊரே படித்துவிட்டது. வந்த ஆர்டர் எல்லாம் ரத்து. இப்படியே போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

இரண்டு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் கொண்டுவந்த தகவல் அதைவிடக் கொடுமை. பதிவு கிளம்பியது கடைக்காரியின் சொந்த வீட்டு வைஃபையிலிருந்து.

“வீட்டுல எத்தனை போன் இருந்தாலும் வெளியில தெரியுறது ஒரே விலாசம்தான். வாசல் ஒண்ணு. உள்ள இருந்து கத்தினது யாருன்னு வாசலைப் பாத்துச் சொல்ல முடியாது,” என்றார் அவர்.

வீட்டில் மூன்றே பேர். கடைக்காரி, லாட்ஜ் மேனேஜரான அவள் கணவர், வெளியூரில் வேலை பார்க்கும் கொழுந்தனின் மனைவியான டீச்சர். டீச்சர்தான் என்பதில் மேனேஜருக்குச் சந்தேகமே இல்லை. போன வாரம்தான் ஓரகத்திகள் இருவருக்கும் மிக்ஸியை வைத்து வாய்த்தகராறு நடந்ததாம், வேறென்ன வேண்டும் என்றார். இன்ஸ்பெக்டர் வீட்டுக்குள் நுழைந்தபோது டீச்சரின் பெட்டி கூடத்துக்கே வந்துவிட்டிருந்தது. தூக்கி வந்து வைத்தவரும் மேனேஜர்தான். மனிதருக்கு ரொம்பத்தான் அவசரம்.

“அக்கா, நான் சண்டை போட்டா மூஞ்சிக்கு நேராப் போடுவேன்,” என்றாள் டீச்சர். நம்புவதா வேண்டாமா என்று கடைக்காரிக்குத் திண்டாட்டம்.

அரை கிலோ என்று அவரவர் போனில் அடித்துக் காட்டச் சொன்னார் இன்ஸ்பெக்டர்.

டீச்சர் தமிழ் எழுத்துகளையே ஒவ்வொன்றாகத் தட்டினாள். மற்ற இருவரும் ஆங்கில எழுத்தில் அடித்து, போன் முதலில் காட்டும் தமிழ்ச் சொல்லைத் தொடுகிற ரகம். கடைக்காரியின் போன் ‘அரை’ என்றது. அரை கிலோ, அரை டஜன் என்று தினமும் எழுதிப் பழக்கிய போன் அது. மேனேஜரின் விரல் வழக்கம்போல முதல் சொல்லைத் தொட்டது. திரையில் ‘அறை கிலோ’ என்று வந்து நின்றது.

“அறை காலி, அறை இல்லைன்னு நாள் முழுக்க எழுதுறீங்க. போனும் அதையே கத்துக்கிச்சு,” என்றார் இன்ஸ்பெக்டர். “பதிவுலயும் பெரிய ‘ற’தான். எல்லாரும் வாந்தியைப் படிச்சாங்களே தவிர, எழுத்தைப் படிக்கல.”

“ஒரு எழுத்தை வெச்சா, மேடம்?” என்றார் மேனேஜர்.

“அது யாரு போனைப் பாக்கணும்னு காட்டத்தான். அழிச்சது எல்லாம் உள்ளயேதான் கிடக்கும். குடுங்க.”

மேனேஜர் போனைக் கொடுக்கவில்லை. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“போற இடமெல்லாம் கேக் கடைக்காரி புருஷன்னுதான் கூப்பிடுறாங்க,” என்றார் மெதுவாக. “எனக்குன்னு ஒரு பேரு இல்லையா?”

கடைக்காரி ஓரகத்தியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் வைத்தாள். வெட்கத்தில் அவளால் டீச்சரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு கணவரின் பையைக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டாள்.

“ஸ்டேஷன் வேலை முடிஞ்சா இங்க வராதீங்க,” என்றாள். “லாட்ஜ்ல அறை இருக்கும்ல?”