அறுபத்திரண்டு அடி

காலை ஆறு மணிக்கு எங்கள் கூடத்தில் இருநூறு பேர் தூங்கியபடி ஓடிக்கொண்டிருப்பார்கள். இமைகள் பாதி மூடியிருக்கும். வாய் லேசாகத் திறந்திருக்கும். கழுத்துக்குப் பின்னால் ஒட்டிய இயக்குப்பட்டையில் பச்சை வெளிச்சம் துடித்துக்கொண்டிருக்கும். நெற்றியில் வியர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்கினாலும் ஒருவரும் துடைக்க மாட்டார்கள். ஓட்டம் முடிந்ததும் பட்டையே அவர்களைக் கட்டிலுக்கு நடத்திப் போய்ப் படுக்கவைக்கும். ஏழு மணிக்கு விழிப்பவர்களுக்குக் காலில் ஓர் இதமான களைப்பு மட்டும் இருக்கும். ஏன் களைத்தோம் என்பது எந்தக் காலுக்கும் நினைவிருக்காது.

துயிலோட்டம் வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. சர்க்கரை வியாதியும் மாரடைப்பும் இன்று பாடப்புத்தகத்தில்தான் இருக்கின்றன. தூத்துக்குடியில் எழுபது வயதுக்காரர்கள் மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறுகிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இயந்திரத்தைக் குற்றம் சொல்ல வரவில்லை.

என் பெயர் வடிவு. இந்தக் கூடத்தில் இயன்முறை மருத்துவர். ஓடும்போது யாருக்காவது கணுக்கால் திரும்புகிறதா, யாருடைய முதுகு ஒரு பக்கம் சாய்கிறது என்று பார்த்துப் பட்டையைத் திருத்துவது என் வேலை. பதினோரு வருடம் அதைத்தான் செய்தேன். நடக்க முடியாத ஒருவர் என்னிடம் வந்தது அந்தப் பதினோராம் வருடத்தில்தான்.

அவர் பெயர் சவரிமுத்து. வயது ஐம்பத்திரண்டு. துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கம்பிபோட்டுப் பூட்டும் வேலை. மழை நாளொன்றில் ஏணி வழுக்கி விழுந்ததில் முதுகுத்தண்டில் அடி. வலது கால் பாதி பிழைத்தது, இடது கால் சொன்ன பேச்சு கேட்கவில்லை. அவருக்கு ஒரு சக்கர நாற்காலி தேடவே நாலு நாள் ஆயிற்று. பழைய அரசு கிட்டங்கி ஒன்றின் மூலையிலிருந்து, ரப்பர் உதிர்ந்த ஒன்றைத் தூக்கி வந்தார்கள். அவர் மனைவி ஜெசிந்தா அதைத் தள்ளிக்கொண்டு வந்தபோது தெருவில் போனவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். அதில் இரக்கம் இல்லை. துணி விலகி நிற்கும் ஒருவரைப் பார்த்துவிட்ட கூச்சம்தான் இருந்தது. எங்கள் ஊரில் இருபது வருடமாக யாரும் வெளிப்படையாக முடியாமல் போனதில்லை.

"ஊர்ல எல்லாத்துக்கும் பட்டதான் கால ஓட்டுது டாக்டரம்மா. எனக்கு மட்டும் ஏன் ஓட்டாது?" என்று கேட்டார்.

"ஓட்டும் அண்ணாச்சி. தூங்கும்போது நீங்க நடப்பீங்க, ஓடக்கூடச் செய்வீங்க. முழிச்சதும் நின்னுரும்."

"அதென்ன கணக்கு?"

விளக்கினேன். விழித்திருக்கும் மூளை தானும் ஒரு கட்டளை அனுப்பும். பட்டை இன்னொன்று அனுப்பும். இரண்டும் மோதினால் கால் பின்னி ஆள் விழுந்துவிடுவார். அதனால்தான் பட்டை தூக்கத்தில் மட்டும் வேலை செய்கிறது. விழித்தபடி நடக்க வேண்டுமென்றால் பழைய வழி ஒன்றுதான் உண்டு. இரண்டு கம்பிகளுக்கு நடுவே நின்று, தினமும் நாலு மணி நேரம், வலிக்க வலிக்க அந்தக் காலுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பகலில் கால் கற்றதை நரம்பு பதித்துக்கொள்வது ஆழ்ந்த தூக்கத்தில். ஆகவே அவருடைய தூக்கம் பட்டை இல்லாத வெறும் தூக்கமாக இருக்க வேண்டும்.

"எத்தன நாளாவும்?"

"ஒரு வருஷம். கூடவும் ஆகலாம்."

நான் படித்ததோடு சரி, ஒருவருக்கும் செய்ததில்லை. முதல் நாள் அவர் முகம் வலியில் கோணியது. வலி எப்படியிருக்கும் என்று தெரியாமலா ஒருவருக்கு அதைக் கொடுப்பது என்று, அன்று மாலை விழித்தபடி ஆறு மாடி ஓடி ஏறிப் பார்த்தேன். ஓட்டக்காரியின் கால்கள் எனக்கு. அப்படியும் நாலாவது மாடியில் நெஞ்சு இப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பயந்துபோய்ப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சவரிமுத்து பயப்படவில்லை. கெட்ட வார்த்தை சொல்வார், அழுவார், சிரிப்பார், மறுநாள் வந்துவிடுவார். மூன்றாம் மாத முடிவில் ஒரு நாள் கம்பியைத் தொடாமல் நாலு அடி வைத்தார். நாலே நாலு. ஜெசிந்தா மாதாவே என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "இது நான் நடந்தது," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த வாரம்தான் மகள் அமலிக்குக் கல்யாணம் நிச்சயமானது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை பார்க்கிறவள். மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை மாற்றம் வந்துவிட்டதால் ஆறு வாரத்தில் கல்யாணம் என்றார்கள். மறுநாள் சவரிமுத்து கம்பிக்குப் போகவில்லை. நாற்காலியிலேயே இருந்தார்.

"கோயில் வாசல்ல இருந்து பீடம் வரைக்கும் புள்ள கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவணும். ஆறு வாரத்துல எத்தன அடி வைப்பேன்?"

"எட்டு. நல்லாப் போனா பத்து."

"கோயில் நீளம் என்ன?"

போய் அளந்து வந்தேன். அவர் நடைக்கு அறுபத்திரண்டு அடி.

"அப்ப பட்டயப் போடுங்க," என்றார்.

ஜெசிந்தா குறுக்கே வந்தாள். "நாக்காலில இருந்து அவ கையப் பிடிச்சுக்கிட்டா என்ன குறஞ்சு போவுது? அவளே நாக்காலில கட்டுததுக்குன்னு வெள்ள ரிப்பன் வாங்கி வச்சிருக்கா."

"நீ சும்மா இரி. ஐந்நூறு பேரு வருவான். ஐந்நூறு பேரும் எம் மவளப் பாக்க மாட்டான், இந்த நாக்காலியப் பாப்பான். இல்லன்னா எங்கயாவது சுவரப் பாப்பான்."

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஐந்நூறு பேருக்கு முன் பிசகில்லாமல் நடக்க வேண்டுமானால், அவர் உடலுக்கென்று பட்டையில் தனி நடைநிரல் எழுதி, ஆறு வாரமும் தூக்கத்தில் பழக்க வேண்டும். அவருடைய ஆழ்ந்த தூக்கம் முழுவதையும் பட்டை எடுத்துக்கொள்ளும். பகலில் கற்றது பதியாது. அந்த நாலு அடி போய்விடலாம்.

"கல்யாணத்தப்போ நீங்க தூங்கிட்டு இருப்பீங்க அண்ணாச்சி. நடக்கது உங்களுக்குத் தெரியாது."

"அவளுக்குத் தெரியும்லா?"

மறுக்க ஒரு விதியும் இல்லை. பட்டை வேண்டும் என்று கேட்கிறவருக்குப் பட்டை கொடுக்க வேண்டும் என்பதுதான் விதி. அமலியிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

ஆறு வாரம் எழுதினேன். இடது கையை மடக்கி மகளின் கைக்கு இடம் கொடுப்பது, கம்பள விளிம்பில் பாதத்தைக் கொஞ்சம் உயர்த்துவது, பீடத்துக்கு முன்னால் போட்டிருக்கும் நாற்காலியில் திரும்பி உட்காருவது. உட்கார்ந்து சில நிமிடத்தில் விழிப்பு வரும், தாலி கட்டுவதை அவர் கண்ணால் பார்த்துவிடலாம். அவ்வளவையும் நினைத்துப் பார்த்து எழுதினேன். பிசகே இல்லாத நடை. அவர் விபத்துக்கு முன்னால்கூட அப்படி நடந்திருக்க மாட்டார்.

கல்யாணத்தன்று காலை பத்து மணி. கோயில் வாசலில் காருக்குள் பட்டையை ஒட்டி அவரைத் தூங்கவைத்தேன். அதைச் சட்டைக் காலர் மறைத்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவர் தானே இறங்கி நின்றபோது அமலி கையில் பூச்செண்டோடு வந்தாள். ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு "அப்பா!" என்று ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அவர் தலை குனிந்திருந்தது. அழுகையை மறைக்கிறார் என்று நினைத்திருப்பாள். மடங்கிய கைக்குள் தன் கையைக் கோத்துக்கொண்டாள். பாடகர் குழு பாடத் தொடங்கியது. கையடக்கக் கட்டுப்பாட்டுப் பலகையோடு நான் பக்கவாட்டில் நடந்தேன்.

முதல் பதினைந்து அடி நன்றாகப் போனது. பெஞ்சுகளில் இருந்தவர்கள் வியந்து திரும்பினார்கள். அவள் ஏதோ சொல்லிக்கொண்டே நடந்தாள். எனக்குக் கேட்டது. "எப்பப்பா நடக்கப் பழகுனீங்க? எங்கிட்ட ஏன் சொல்லல? அப்பா, வலிக்குதா? மெதுவாப் போவமா?"

அவர் மெதுவாகப் போகவில்லை. அவள் அவர் கையை அழுத்தினாள். அவர் பதிலுக்கு அழுத்தவில்லை. இருபதாம் அடியில் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பாதி மூடிய இமைக்குள் வெள்ளை விழி. தினமும் காலையில் நாம் எல்லோரும் வைத்திருக்கும் அதே முகம்.

அமலி நின்றுவிட்டாள். கை நழுவியது.

அவர் நிற்கவில்லை. மகளின் கை இருப்பதுபோலவே தன் கையை மடக்கி வைத்துக்கொண்டு, தோள் சாயாமல், முதுகு வளையாமல் நடந்துகொண்டே இருந்தார். நான் பலகையில் விரல் வைத்திருந்தேன். நிறுத்தினால் அந்த இடத்திலேயே துணிபோலச் சரிந்துவிடுவார். நாற்காலி பீடத்துக்கு முன்னால் இருந்தது. நிறுத்தவில்லை. இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று நானும் எண்ணிக்கொண்டே போனேன். பாடகர் குழுவில் ஒவ்வொரு குரலாக அடங்கிற்று. அவர் செருப்பு கம்பளத்தில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. ஐந்நூறு பேரும் சுவரைப் பார்த்தார்கள்.

அறுபத்திரண்டாம் அடியில் திரும்பி உட்கார்ந்தார். அமலி நடுவழியில் தனியாக நின்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மீதி தூரத்தைத் தனியாக நடந்து வந்தாள்.

அவர் விழித்தபோது பூசை தொடங்கியிருந்தது. தாலி கட்டுவதைப் பார்த்து விம்மினார். படம் எடுக்கும்போது மகளின் கையைப் பிடித்து, "எப்பிடி நடந்தேன்?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "நல்லா நடந்தீங்கப்பா. என் கைய விடவே இல்ல," என்றாள்.

நாலாம் நாள் கூடத்துக்கு வந்தார். கம்பிகளுக்கு நடுவே நிறுத்திப் பார்த்தேன். இடது கால் அசையவில்லை. வலது காலும் தயங்கியது. நான் எதிர்பார்த்தது. அவரும் எதிர்பார்த்திருக்க வேண்டும். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"துறைமுகத்துல தூங்கிட்டே வேல பாக்க ஆள் எடுக்காவளாம்," என்றார். "என்னயச் சேத்து விடுங்க. பகல் முழுக்கப் பட்ட போட்டுக்கிடுதேன்."

"உடம்புக்கு ஓய்வும் வேணும் அண்ணாச்சி. ராத்திரி முழுக்க வெறும் தூக்கம் தூங்கணும். அப்படின்னா ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரந்தான் முழிச்சிருப்பீங்க."

"முழிச்சிருந்து என்ன செய்யப் போறேன்? தூக்கத்துல நான் நல்லா இருக்கேன். அன்னிக்கிப் பாத்தியல்லா? எம் மவள எப்பிடிக் கூட்டிட்டுப் போனேன்."

உண்மை தெரிந்தால் மனம் மாறுவார், மறுபடி கம்பியைப் பிடிப்பார் என்று அந்த நொடியில் நம்பினேன். அமலியின் பொய்யை உடைக்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் சொன்னேன். அவள் நின்றதை, கை நழுவியதை, அவர் தனியாக நடந்ததை, ஐந்நூறு பேர் சுவரைப் பார்த்ததை. நடுவில் நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் தன் இடது முழங்காலைக் கையால் தேய்த்தார்.

"அவ நின்னுட்டா," என்றார்.

"ஆமா."

"நான் நிக்கல."

"இல்ல அண்ணாச்சி."

"விழுந்தனா?"

"விழல."

"அறுபத்திரண்டும் வச்சனா?"

"வச்சீங்க."

மெல்லத் தலையாட்டினார். அவர் முகத்தில் வந்தது வருத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, அது நிம்மதி. கழுத்தைக் குனிந்து காட்டினார். "போட்டு விடுங்க டாக்டரம்மா."

பட்டையை ஒட்டினேன். நாற்காலியிலேயே கண் சொருகியது. வாய் லேசாகத் திறந்தது. பச்சை வெளிச்சம் துடித்தது. அவர் எழுந்து நின்றார்.

கதவருகே ஜெசிந்தா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாள் என்று தெரியவில்லை.

"இனி எப்ப முழிப்பாவ?" என்று கேட்டாள்.

"சாயங்காலம் ஏழு மணிக்கு. ஒம்பது வரைக்கும் இருப்பாங்க."

நிமிர்ந்த முதுகோடு, பிசகில்லாத நடையில், அவள் புருஷன் கதவை நோக்கி வந்தார். அறிமுகமில்லாத ஒருவருக்கு விடுவதுபோல, அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.