பாயில் தைத்த வேட்டி

ஆத்தூர்ப் பாலத்தைத் தாண்டியதிலிருந்து கணேஷ்ராம் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சுகிர்தாவுக்கு அது உடனே உறைக்கவில்லை. படகின் பின்கோடியில் சுக்கானைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறவளுக்குக் கட்டினவருடைய முதுகுதான் எப்போதும் தெரியும். பாபநாசத்துக்குக் கீழே படகை இறக்கிய அன்றிலிருந்து அந்த முதுகைப் பார்த்துக்கொண்டேதான் வந்திருக்கிறாள். ஆனால் அந்த முதுகுக்கு மேலே இருக்கிற தலை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. நீர்க்காகம் முங்கினால் திரும்பும், கரையில் வாழைத்தார் வெட்டினால் திரும்பும், ஒன்றுமே இல்லையென்றால் "ஏட்டி, தூங்கிட்டியா?" என்று கேட்பதற்காகவாவது திரும்பும். வாய் ஓயாத மனுஷன். காலமெல்லாம் கல்லூரியில் இயற்பியல் நடத்திய வாய், ஓய்வு பெற்றுவிட்டால் மட்டும் அடங்கிவிடுமா? அந்தத் தலை இப்போது பாயைப் பார்த்தபடி ஆணி அடித்து வைத்த மாதிரி இருந்தது.

"ஏங்க, மத்தியான மாத்திரை போட்டீங்களா?"

"உம்."

பதில் வந்துவிட்டது. வந்த பிறகுதான் அவளுக்கு ஏதோ இடித்தது. ஆடிக்காற்று மேற்கிலிருந்து அவள் முதுகைத் தள்ளிக்கொண்டு வீசுகிறது. முன்னால் இருக்கிறவர் முனகினால் அது கடல் பக்கம்தான் போகும். காலையெல்லாம் அவர் கத்திப் பேசியதே பாதிதான் காதில் விழுந்தது. இந்த 'உம்' மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதுபோலத் தெளிவாகக் கேட்டது. காற்று கொஞ்சம் நின்றிருக்கும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவள் முந்தானையோ நிற்காமல் படபடவென்று முன்னால் அடித்துக்கொண்டிருந்தது.

போன வருஷம் அவருக்கு நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் நடந்தது. பிழைத்து எழுந்தவர் இனிமேலாவது வீட்டில் அடங்கி இருப்பார் என்று பார்த்தால், ஆற்றோடு போய்க் கடலைப் பார்த்தே தீருவேன் என்று நின்றார். தூத்துக்குடியில் ஒரு பழைய பைபர் படகை வாங்கினார், வெள்ளைக் காடாத்துணியில் பாய் தைத்தார், பாய்மரம் நட்டார். சொந்தக்காரர்கள் அவர் முகத்துக்கு நேராகவே சிரித்தார்கள். பெங்களூரிலிருந்த மகள் சித்ரலேகா மட்டும் போனில் அழுதாள். "அம்மா, நீயும் கூடப் போ. அப்பாவ எப்படியாவது வீட்டுக்குத் திரும்பக் கூட்டிட்டு வந்துரு" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நீச்சல்கூடத் தெரியாத சுகிர்தா சுக்கானைப் பிடித்தாள். தடுப்பணை வந்த இடத்திலெல்லாம் ஊர் ஆட்களைக் கூப்பிட்டுப் படகைத் தூக்கி மறுபக்கம் இறக்கினார்கள். பொழுது சாய்ந்தால் கரையேறி, சேரன்மகாதேவியில் சித்தப்பா வீடு, ஆழ்வார்திருநகரியில் கோயிலுக்குப் பக்கத்து விடுதி என்று தங்கினார்கள். இருட்டுவதற்குள் புன்னைக்காயல் வந்துவிடும், அங்கே கார் காத்திருக்கும். மனுஷனை உயிரோடு வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் போதும், பிறகு இந்த ஆற்றுப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று அவள் வேண்டிக்கொண்டே வந்தாள்.

காலையில் பாய் கிழிந்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

கரையிலிருந்து சாய்ந்து நின்ற வேலிக்கருவையின் முள் மாட்டி, பாய் மேலிருந்து கீழாகச் சர்ரென்று கிழிந்தது. படகைக் கரையோரம் ஒதுக்கினார்கள். முந்தின நாள்தான் ஆடி அமாவாசை. நாணலிலும் முள்ளிலும் துணிகள் சிக்கிக் கிடந்தன, சேலை, துண்டு, குழந்தைச் சட்டை. பீடை பிடித்தவர்கள் உடுத்திய துணியோடு ஆற்றில் மூன்று முழுக்குப் போட்டு, அந்தத் துணியைத் தண்ணீரோடு விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கரையேறிப் போவார்கள். தங்களைப் பிடித்தது துணியோடு போகட்டும் என்று. விட்டவர் திரும்பிப் பார்த்தால் அது கூடவே வந்துவிடும் என்பது கணக்கு. எடுத்தவரை என்ன செய்யும் என்று யாரும் சொன்னதில்லை. எடுப்பதற்கு ஆள் இருந்தால்தானே?

கணேஷ்ராம் முள்ளிலிருந்து ஒரு புது வேட்டியை உருவினார்.

"ஐயய்யோ, அத ஏன் தொடுதிய? யாரோ முழுகிட்டு விட்டது. போடுங்க கீழ!"

"காத்துக்குத் தெரியுமாக்கும், இது யாரு வேட்டின்னு? நீ ஒட்டுப் போடுதியா, நான் துடுப்பு போடட்டா?"

சொன்னதோடு நிற்காமல் துடுப்பையும் கையில் எடுத்துவிட்டார். பத்து இழுப்பு இழுப்பதற்குள் அவர் முகம் வெளுத்து, சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டது. விட்டால் இந்த மனுஷன் பிடிவாதத்தில் நெஞ்சு வெடித்தே செத்துப்போவார். துடுப்பைப் பிடுங்கி வைத்துவிட்டு, கோணி ஊசியை எடுத்து அவள்தான் அந்த வேட்டியைப் பாயில் வைத்துத் தைத்தாள். வேண்டாம் வேண்டாம் என்று மனசு அடித்துக்கொள்ள, தன் கையாலேயே தைத்தாள்.

ஊசி குத்திய இடத்திலெல்லாம் தண்ணீர் கசிந்தது. அதை அவள் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பாடம் நடத்துவார்.

பாய் ஏறியதும் படகு நன்றாகவே ஓடியது. அவர் பாய்க் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். வாழைத் தோட்டங்கள் போயின, வெற்றிலைக் கொடிக்கால் போயிற்று, பாலம் போயிற்று. கரைகள் விலகிக்கொண்டே போய் ஆறு அகலமானது. விரித்துப் போட்ட சேலை மடிப்பதற்குள் காய்ந்துவிடுகிற ஆடிக்காற்றில், அந்த ஒட்டு மட்டும் காயவில்லை. பாய் முழுக்கக் காய்ந்து மொடமொடத்தது. வேட்டி ஒட்டிய இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாய் நீர் விழுந்துகொண்டே இருந்தது. எள்ளும் ஈர விபூதியும் கலந்த ஒரு வாடை வந்தது. காற்று பின்னாலிருந்து அடிக்கிறது, பாய் முன்னால் இருக்கிறது, அந்த வாடை தன் மூக்குக்கு எப்படி வரும் என்று யோசித்தவள், யோசனையைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"ஏங்க, கொஞ்சம் இங்கன திரும்புங்களேன்."

"உம்."

"உம்முன்னா? திரும்பச் சொன்னேன்."

முதுகு படகோடு சேர்ந்து ஆடியது. படகு இடப்பக்கம் சாய்ந்தால் அதுவும் இடப்பக்கம், வலப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம். கோபித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் ஒருதரம் கோபித்துக்கொண்டு சாப்பாட்டு வேளைவரை பேசாமல் இருந்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை, அவரே வந்து பேசினார். மகள் சித்ரலேகாவைக் கூப்பிடலாம் என்றால் இரண்டு போனும் நனையாமலிருக்க டப்பாவில் போட்டு அவர் காலடியில் இருந்தன. அங்கே போக வேண்டுமென்றால் சுக்கானை விட வேண்டும்.

தென்கரையில் ஒரு பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். மனித முகத்தைப் பார்த்ததும் சுகிர்தாவுக்கு உயிர் வந்தது. ஆற்றின் ஓட்டம் படகை அந்தக் கரைக்குப் பக்கமாகக் கொண்டுபோயிற்று.

"யக்கா, எங்க போறிய?"

"புன்னைக்காயலுக்கும்மா!"

"அண்ணாச்சிக்கு மேலுக்குச் சரியில்லையா? ஒரு மாதிரி இருக்காவளே..."

படகு நெருங்கியது. அந்தப் பெண்ணுக்கு அவர் முகம் நேராகத் தெரியும் இடம் வந்தது. அவள் சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு அவள் கண் அவர் முகத்தை விட்டு நகர்ந்து, பைய சுகிர்தாவிடம் வந்து, அங்கேயும் நிற்காமல் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிற்று. சுகிர்தாவுக்குப் பின்னால். படகு முடிந்து வெறும் தண்ணீர் இருக்கிற இடத்துக்கு.

அந்தப் பெண் முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள்.

"என்னம்மா? என்ன?"

"யக்கா... படகைக் கரைக்கு விடுங்க. பைய விடுங்க. பின்னால மட்டும் பாக்காதீய. நான் ஆளுகளக் கூட்டியாறேன்." ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு மேட்டில் ஏறி ஓடினாள். ஓடும்போது ஒருதரம்கூட அவள் திரும்பவில்லை.

சுகிர்தா சுக்கானைக் கரைப்பக்கம் தள்ளினாள். அது அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினாள், காலை உந்தித் தள்ளினாள். ஏதோ கொடி சிக்கியிருக்கிறது. கொடியாகத்தான் இருக்க வேண்டும். தண்ணீருக்குள் சுக்கானின் மறுநுனியை யாரோ பிடித்திருப்பதுபோல் அது எதிர்த்துத் தள்ளியது. பிறகு, மெதுவாக, அவள் கைக்குள்ளேயே திரும்பிப் படகை நடு ஆற்றுக்குக் கொண்டுபோயிற்று.

"நேரே போ, சுகி."

கணேஷ்ராமின் குரல். அவருடைய குரலேதான். ஆனால் முன்னாலிருந்து வரவில்லை.

பிடரியில் மயிர் குத்திட்டு நின்றது. திரும்பக் கூடாது. திரும்பவே கூடாது. முருகா, முருகா என்று வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கழுத்தின் பின்பக்கம் ஒரு சொட்டு விழுந்தது. குளிர்ந்த சொட்டு. இன்னொன்று. முதுகில் இறங்கி இடுப்பில் ஓடியது. எள்ளு வாடை மூச்சை அடைத்தது.

கரையில் ஊர் முடிந்துவிட்டது. இரண்டு பக்கமும் உப்பளம், அதற்கப்புறம் அலையாத்திப் புதர்கள். சேற்று வாடை. தூரத்தில் அலைச் சத்தம். புன்னைக்காயல் படகுத்துறையில் ஆட்கள் நிற்பது எறும்பு எறும்பாகத் தெரிந்தது. சுகிர்தா கத்தினாள். காற்று அவள் குரலை வாங்கிக் கடல் பக்கம் எறிந்தது. யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. துறை நழுவிப் பின்னால் போயிற்று.

அவரிடம் போய்விட வேண்டும். என்ன ஆனாலும் சரி, அவரிடம் போய்விட வேண்டும்.

சுக்கானை விட்டாள். படகு தடம் மாறவில்லை. முழங்காலில் தவழ்ந்து முன்னால் போனாள். ஒரு பலகை. அடுத்த பலகை. அவள் முன்னால் நகர நகர, பின்னால் சுக்கான் கிரீச், கிரீச் என்று ஒழுங்காகத் திரும்பிக்கொண்டிருந்தது. கேட்காத மாதிரி தவழ்ந்தாள்.

"ஏங்க."

"உம்."

அவள் அவர் முதுகுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தாள். முதுகு அசையவில்லை. 'உம்' அவள் பின்னாலிருந்து வந்தது.

தோளைத் தொட்டாள். சட்டைக்குள் சில்லென்று இருந்தது. மணிக்கட்டில் சுற்றிய கயிறு தோலுக்குள் புதைந்திருந்தது, விரல்கள் நீலம். அந்தக் கயிறும் மரமும்தான் அவரை உட்கார வைத்திருந்தன. தோளைப் பிடித்து இழுத்தாள். அவர் மொத்தமாகச் சாய்ந்து அவள் மடியில் விழுந்தார்.

வாய் திறந்திருந்தது. உதட்டோரம் காய்ந்த நுரை. ஓரத்தில் ஒரு எறும்பு. கண்கள் திறந்தபடி வானத்தைப் பார்த்தன.

எப்போதோ போய்விட்டார். பாலத்துப் பக்கமே போய்விட்டார். மாத்திரை போட்டீர்களா என்று அவள் யாரைக் கேட்டாள்? உம் கொட்டியது யார்? ஐயோ, வாய் ஓயாமல் பேசுகிற என் ராசா, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ச் சேர்ந்தீரே, உம்மை நான் எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவேன்? அவர் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் வாய்விட்டு அழுதாள்.

அழுகையினூடே அவளுக்கு ஒன்று கேட்டது. கேட்காமல் போனது கேட்டது.

சுக்கான் சத்தம் நின்றிருந்தது.

முன்னால் ஆறு முடிந்து கடல் திறந்துகொண்டது. பின்னால், மேற்கே, பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தரையோடு தரையாக வந்த வெயில் படகின் நீளத்துக்கும் பாய்ந்து பாயின்மேல் விழுந்தது. பாயில் அவள் நிழல் தெரிந்தது, குனிந்து, மடியில் பாரத்தோடு. அவள் நிழலுக்குப் பின்னால் இன்னொரு நிழல் உட்கார்ந்திருந்தது. உடம்பில் துணி இல்லாத ஆள். தலைமயிரிலிருந்து நீர் வடிந்தது. வடிகிற நீருக்கும் நிழல் இருந்தது.

அது எழுந்து நின்றது. படகு துளியும் ஆடவில்லை.

ஒரு எட்டு வைத்தது. நிழல் பாயில் பெரிதாகிக்கொண்டே வந்து, அவள் நிழலின்மேல் ஏறி, அதை முழுக்க மூடியது. ஈரமாக ஒரு கை அவள் உச்சந்தலையில் அமர்ந்தது. காதுக்குப் பக்கத்தில், பாசமாக, கணேஷ்ராமின் குரலில் அது சொன்னது.

"கடல் வந்துட்டு சுகி. மொதல் முழுக்குப் போடுவோமா?"