சட்டிக் கலப்பையின் இருக்கை

கலப்பையின் இருக்கை சூடாக இருந்தது.

மார்கழி விடியல். கொட்டகைத் தகரத்திலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. காசிநாதன் எழுந்ததும் வழக்கம்போலக் கொட்டகைக்குப் போய்த் தன் எட்டுக் கலப்பைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். ராத்திரி ஈரம் எங்கே தங்கியிருக்கிறது, எங்கே துரு பிடிக்கப்போகிறது என்பதெல்லாம் அவன் விரலுக்கே தெரியும். ஏழும் ஜில்லென்று இருந்தன. எட்டாவது கலப்பையின், மண்ணைப் புரட்டும் மூன்று இரும்புச் சட்டிகளும் ஜில்லென்றுதான் இருந்தன. அதன் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த இரும்பு இருக்கை மட்டும், யாரோ வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போனதுபோல இளஞ்சூடாக இருந்தது.

பூனை படுத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்த வீட்டுப் பக்கம் ஒரு பூனை எட்டிப் பார்த்தே மூன்று வருஷமாயிற்று. கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டான். சூடு விரலை விட்டுப் போகவில்லை.

ஆம்பூரிலிருந்து ஆலங்காயம் போகும் வழியில் அவனுக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருந்தது. நிலம் என்று பேர்தான். தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுத் தண்ணீர் ஏறி ஏறி, 1982இல் அது வெள்ளையாய் உப்புப் பூத்துக் கிடந்தது. சீமைக் கருவேலைத் தவிர ஒன்றும் முளைக்காது. உழுது பயனில்லாத அந்த மண்ணில், டிராக்டர் இழுக்கும் பழைய கலப்பைகளைச் சேர்த்து வைத்திருந்தான் காசிநாதன். ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, தோல் பதப்படுத்தும் மீன் எண்ணெயை வாங்கிவந்து தேய்ப்பான். தோலைக் காக்கிற எண்ணெய் இரும்பையும் காக்கும் என்பது அவன் கண்டுபிடிப்பு. கொட்டகை நாறும். ஊரார் சிரிப்பார்கள். நல்ல ஆர்வம்தான், பாவம் என்பார்கள்.

ஆர்வமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இருபத்தைந்து வருஷமாக அவன் பழைய இரும்புக் கடைகளில் நுழைந்து நுழைந்து தேடியது ஒரே ஒரு கலப்பையைத்தான். அது உருகி ஒழிந்துவிட்டது என்று தெரிந்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று தேடினான். தேடப்போன இடத்தில் வெறுங்கையோடு திரும்பினால் சந்தேகப்படுவார்களே என்று வாங்கியவைதான் மற்ற ஏழும்.

நாலு நாளைக்கு முன்பு அது கிடைத்துவிட்டது. ஆம்பூர் வாஹித் பாஷாவின் கடையில், உடைந்த பாய்லர்களுக்கு நடுவே கிடந்தது. நெம்புகோலின் அடியில் கோணலான ஒரு வெல்டிங் ஒட்டு. அந்த ஒட்டை வைத்தது அவன் கைதான்.

"இன்னா காசி, பேயடிச்ச மாதிரி நிக்கிற?" என்றார் வாஹித் பாஷா. "சோளிங்கர் பக்கம் ஒரு பண்ணையில கெடந்திச்சாம். சீட்டு வெச்ச மாடல். இப்ப எவன்கிட்ட இருக்குது இது?"

"நான் எடுத்துக்கிறேன் பாய். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

கேஸ் கட்டர் வைத்துத் துண்டு துண்டாக அறுத்துவிடுவது என்று முடிவுபண்ணித்தான் கொண்டுவந்தான். வாஹித் பாஷாவுக்கு வாய் சும்மா இருக்குமா? மறுநாள் காலையிலேயே வேலூரிலிருந்து விவசாய அதிகாரி அரங்கநாதன் ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார். கலப்பையைச் சுற்றிச் சுற்றி வந்தார், அளந்தார், படம் எடுத்தார், நோட்டில் எழுதிக்கொண்டார்.

"ஜில்லாவிலேயே இது ஒண்ணுதாங்க மிச்சம். புதன்கிழமை பெரியவங்கள கூட்டிட்டு வர்றேன். ஓட்டிக் காட்டுங்க. ஓடுச்சுன்னா எட்டையும் கண்காட்சிக் கட்டடத்துக்கு எடுத்துக்கறோம். உங்க பேர எழுதி வெப்போம்" என்றார்.

காசிநாதன் வாயைத் திறப்பதற்குள் அவன் பெண்டாட்டி எல்லம்மா வாசலிலிருந்து பதில் சொன்னாள். "மகராசனா எடுத்துட்டுப் போங்க சார். வூடு ஒழியட்டும்."

இனிமேல் அறுக்க முடியாது.

அந்த மாதிரிக் கலப்பைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருத்தன் டிராக்டர் ஓட்டுவான். இன்னொருத்தன் பின்னால் கலப்பையின் இருக்கையில் உட்கார்ந்து, வரப்பு வரும்போது நெம்புகோலை இழுத்துச் சட்டிகளைத் தூக்குவான். எஞ்சின் சத்தத்தில் ஒருத்தன் கத்துவது இன்னொருத்தனுக்குக் கேட்காது. அதற்காக ஒரு கயிறு. பின்னால் இருப்பவன் கையில் ஒரு முனை, டிரைவரின் இடது மணிக்கட்டில் மறு முனை. வரப்புக்கு வரப்பு ஒரு இழுப்பு வந்தால், நான் இருக்கிறேன், போ என்று அர்த்தம். இரண்டு இழுப்பு வந்தால் நிறுத்த வேண்டும். டிரைவர் திரும்பிப் பார்த்தால் உழவு கோணும்; அதனால் திரும்பமாட்டான். கயிறுதான் அவனுக்கு முதுகுக் கண்.

1957இல், அந்தக் கலப்பை இருந்த பண்ணையில் டிரைவராக இருந்தபோது காசிநாதனுக்கு இருபத்தாறு வயசு. கயிறு மணிக்கட்டைத் தேய்த்துப் புண்ணாக்கியது. ஒருநாள் மத்தியானம் அதை அவிழ்த்து மட்கார்டில் கட்டிவிட்டு ஹாயாக ஓட்டினான். மட்கார்டுத் தகரம் டங் டங்கென்று அடித்துக்கொண்டே வந்தது அவனுக்குக் கேட்கத்தான் செய்தது. நட்டு ஏதோ லூஸ் என்று நினைத்தான். வரப்பு வந்ததும் திரும்பிப் பார்த்தான். பின்னால் இருக்கையில் உட்கார்ந்து வந்த கூலியாள் பெருமாள் அங்கே இல்லை. உழவுசால் நெடுக, புரட்டிப்போட்ட கரிசல் மண்ணுக்குள்ளே பெருமாள் இருந்தான்.

ஆட்கள் ஓடி வருவதற்குள் காசிநாதன் கயிற்றை மணிக்கட்டில் திரும்பக் கட்டிக்கொண்டான். பெருமாள் குடித்திருந்தான், கயிற்றை இழுக்கவே இல்லை என்று சொன்னான். எல்லாரும் நம்பினார்கள். பெருமாளின் பெண்டாட்டிகூட நம்பி, செத்தவனைத் திட்டித் திட்டி அழுதாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவன் நெம்புகோலுக்கு மீன் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். இருக்கையில் வேர்வை வடிவதற்காகக் குத்திய துளைகள் இருந்தன. காலையில்தான் ஒவ்வொன்றையும் ஆணியால் குடைந்து சுத்தம் பண்ணியிருந்தான். இப்போது எல்லாத் துளையிலும் மண் அடைத்திருந்தது. கறுத்த, பிசுபிசுத்த, ஈரமான கரிசல். அவன் நிலத்தில் கரிசல் கிடையாது. சுற்று வட்டாரத்திலும் கிடையாது. மீன் எண்ணெய் நாற்றத்தையும், ஓடைப் பக்கமிருந்து வந்த தோல் ஷாப்பு வாடையையும் தாண்டி, மழை பெய்த வயலின் வாசனை அந்த இருக்கையிலிருந்து குப்பென்று எழுந்தது. திரும்பி வாசலைப் பார்த்து நடந்தான். பாதி வழியில் முதுகுக்குப் பின்னால், நெம்புகோல், அதை நிறுத்தும் இரும்புப் பல்லில் விழுகிற சத்தம் கேட்டது.

டக்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரைக்கும் பின்னால் உட்கார ஆள் கிடைக்கவில்லை. அந்த உப்பு மண்ணில் புழுதி தின்ன எவனும் தயாராக இல்லை.

"எவனும் வாணாம். நான் குந்திக்கிறேன்" என்றாள் எல்லம்மா.

"உனுக்கு இன்னா பைத்தியமா? போ, வேலையப் பாத்துக்கினு."

"இன்னாய்யா, ஒரு கட்டைய இழுக்கறதுக்குப் பொம்பளைக்குக் கை இல்லியா? இருவது வருசமா இந்த இரும்பு நாத்தத்துல சோறு துண்றேன். எத்தினி பேஜாரு! ஒரு நாளு உக்காந்தா ஒழியும்னா உக்காருறேன்."

"வாணாம்னா வாணாம்."

"ஏன் வாணாம்? காரணத்தச் சொல்லு."

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். காரணம் தொண்டைவரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அவள் அந்தக் கலப்பையின் பக்கமே போயிருக்கமாட்டாள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அவனுக்கு இருந்த ஒரே உயிர் அவள்தான். ஆனாலும் சொல்லவில்லை. சொன்னால் அவள் தன்னை எப்படிப் பார்ப்பாள் என்பதுதான் அவனுக்குப் பெரிதாகப் பட்டது. இப்படியும் ஒரு மனுஷன்.

"ஒண்ணுமில்ல" என்றான். "கயித்த வுட்டுடாத. அவ்ளோதான்."

வெயில் தாழ்ந்ததும் ஒத்திகை பார்க்க டிராக்டரை எடுத்தான். கயிற்றை இடது மணிக்கட்டில் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டான். ரத்தம் கட்டுகிற மாதிரி இறுக்கினான். எல்லம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, புழுதிக்காகத் தலையில் கோணியைக் கொங்காணி போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கொஞ்சம் நெளிந்தாள்.

"இன்னாய்யா இது, இம்மாஞ் சூடு?"

"வெயிலு" என்றான்.

முதல் சாலில் பத்துத் தடவையாவது திரும்பிப் பார்த்திருப்பான். உழவு கோணிக்கொண்டு போனது, போகட்டும். கோணிக்குள் எல்லம்மாவின் முகம் சிரிப்பும் சிடுசிடுப்புமாகத் தெரிந்தது. வரப்பு வந்தது. ஒரு இழுப்பு. சட்டிகள் மேலே எழும்பின. திரும்பினான். இரண்டாவது சால். மூன்றாவது. உப்புத் தோலைச் சட்டிகள் பிளக்கப் பிளக்க, வெள்ளைப் புழுதி கிளம்பி, விழுகிற வெயிலில் மஞ்சளாகி, டிராக்டருக்குப் பின்னால் ஒரு திரைபோல எழுந்து நின்றது. நாலாவது சாலில் திரும்பிப் பார்த்தபோது முகம் தெரியவில்லை. குனிந்து உட்கார்ந்திருந்த ஒரு உருவம் மட்டும் தெரிந்தது. வரப்பில் வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் நின்று, வளைத்தான். ஒரு இழுப்பு. சரியாக வந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டான். ஐந்தாவது சால். ஒரு இழுப்பு. ஆறாவது. ஒரு இழுப்பு. எல்லம்மா நன்றாகப் பழகிக்கொண்டாள் என்று நினைத்துக்கொண்டான். இழுப்பு அழுத்தமாக, பதமாக, உழவுக்குப் பழகிய கை இழுக்கிற மாதிரி இருந்தது.

ஏழாவது சாலில் பாதி தூரம் போனபோது எதிர் வரப்பில் யாரோ நின்று இரண்டு கையையும் ஆட்டுவது தெரிந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் யாரோ என்று முதலில் நினைத்தான்.

நெருங்கினான்.

எல்லம்மா.

கோணி அவள் கையில் இருந்தது. வாயைத் திறந்து திறந்து கத்திக்கொண்டிருந்தாள். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. எப்போது இறங்கினாள்? நாலாவது வரப்பில், வேகம் குறைந்தபோது, சூடு தாங்காமலா?

கயிறு இழுபட்டது.

ஒன்று. இரண்டு.

கிளட்சை மிதித்தான். வண்டி நின்றது. எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. கழுத்து திரும்ப மறுத்தது. மழை பெய்த வயலின் வாசனை. எல்லம்மா கத்துவதை நிறுத்திவிட்டாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்தாள். அவள் பார்வை மெல்ல மெல்ல மேலே ஏறியது, யாரோ உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நிற்பதைப் பார்ப்பதுபோல. கோணி அவள் கையிலிருந்து விழுந்தது.

கயிறு தொய்ந்தது. விறைத்தது. தொய்ந்தது. விறைத்தது. கை மாற்றிக் கை மாற்றி யாரோ கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

"எல்லம்மா!" என்று கத்தினான். "அவன் குடிக்கல! குடிக்கவே இல்ல! இழுத்தான்டி! நாந்தான் கயித்த அவுத்து வுட்டுட்டேன்! நாந்தான்!"

அவள் காதில் ஒன்றும் விழவில்லை. பின்னால் பின்னால் நகர்ந்தாள். திரும்பி ஓடினாள்.

மணிக்கட்டின்மேல் ஒரு கை வந்தது. கறுத்த ஈர மண் அப்பிய விரல்கள். நகம் இருந்த இடத்திலெல்லாம் மண். அவசரமே இல்லாமல் முதல் முடிச்சை அவிழ்த்தது. இரண்டாவதை. மூன்றாவதை. கயிற்றை எடுத்துக்கொண்டு போய் மட்கார்டில் கட்டியது. அழகாக, இறுக்கமாக.

வண்டி நகர்ந்தது.

காசிநாதன் பிடித்துக்கொள்ள ஸ்டியரிங்கைத் தேடினான். ஸ்டியரிங் இல்லை. கைக்கு நெம்புகோல்தான் அகப்பட்டது. அடியில் இரும்பு இருக்கை. காலுக்குக் கீழே மூன்று சட்டிகள் சுழன்றுகொண்டிருந்தன. அவை கிழித்தது வெள்ளை மண்ணை இல்லை, கறுப்பு மண்ணை. வெயில் உச்சியில் நின்றது. கால் வழுக்கியது. ஒரு கால் உள்ளே போனது.

கயிற்றை இழுத்தான். டங். டங். மட்கார்டுத் தகரம் அடித்துக்கொண்டது. இழுத்தான். கத்தினான். மறுபடி இழுத்தான்.

முன்னால் டிராக்டரில் ஒரு வாலிபன் ஹாயாக உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தான். காக்கிச் சட்டை. எண்ணெய் தடவி வாரிய தலை. இடது கையைத் தொடைமேல் போட்டிருந்தான், மணிக்கட்டில் புண். அந்த முதுகு யாருடையது என்று காசிநாதனுக்கு நன்றாகத் தெரியும். வரப்பு வரும்வரைக்கும் அது திரும்பாது என்பதும் தெரியும்.

வரப்பு வெகுதூரத்தில் இருந்தது.