ப்ளஸ் பன்னிரண்டு

தாளில் பன்னிரண்டு என்று இருந்தது. அண்ணன் பத்து என்று சொன்னான்.

இளவரசியின் விரல் பட்டன் மேலேயே நின்றது. இந்தப் பயிற்சித் தாள் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பதினைந்து நாளாக இதே தாள்தான். விமானம் எந்த இடத்தில் எந்த உயரம், காற்று எந்தப் பக்கம், எல்லாவற்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பத்து என்ற எண் அந்தத் தாளிலேயே கிடையாது.

"ஷீட்ல பன்னெண்டு இருக்குண்ணே. நீ பத்துன்ற. செக் பண்ணு."

மாடிக் கூரையின் தகரத்தில் மழை ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது.

"பத்து."

சரி, சோதிக்கிறான் என்று நினைத்தாள். அண்ணன் கார்த்திகேசன் அவ்வப்போது வேண்டுமென்றே எண்ணை மாற்றிச் சொல்வான். அவள் மறுத்துக் கேட்க வேண்டும். கேட்ட பிறகும் அதையே சொன்னால் அது புதுத் தகவல், அதைத்தான் போட வேண்டும். அப்படித்தான் இருவரும் பேசி வைத்திருந்தார்கள். போட்டாள். பெட்டியில் பச்சை பல்பு எரிந்தது.

"ப்ளஸ் பத்து. கன்பார்ம்?"

"கன்பார்ம்."

கடைசி பட்டனை அழுத்தினாள். பல்பு அணைந்தது. எண் உள்ளே போய்விட்டது.

அந்தப் பெட்டி அண்ணன் செய்தது. கடலூர் பழைய டவுனில் டிவி ரிப்பேர் கடை வைத்திருப்பவன், விமானத்தின் கம்ப்யூட்டருக்கு எண் கொடுக்கும் பட்டன் பலகையைப் படத்தில் பார்த்து, பழைய கீபோர்டை உடைத்து, மரப்பெட்டியில் பொருத்தி லேப்டாப்போடு இணைத்துக் கொடுத்தான். பல்பு, கோயில் திருவிழா சீரியல் செட்டில் கழற்றியது. சுவரில் விமானி அறை முழுசாக ஃபிளெக்ஸில் தொங்கியது. பிரிண்ட் போட்ட கடைக்காரர், கீழே யார் போட்டோ போடணும், வாழ்த்துகிறவர்கள் பெயர் எத்தனை என்று கேட்டாராம். அதற்கு எதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். இடது பக்கம் கேப்டனாக அண்ணன், வலது பக்கம் இளவரசி.

மூன்று நாளில் துணை விமானித் தேர்வு. இது இரண்டாவது தடவை, இதிலும் கோட்டைவிட்டால் விமானக் கம்பெனி அவளை வீட்டுக்கு அனுப்பிவிடும். போன தடவை அவள் எண்ணைப் போட்டுவிட்டுக் கேப்டனின் முகத்தைப் பார்த்தாள். அவர் எதற்கோ தலையாட்டினார், இவள் அழுத்திவிட்டாள். தப்பான எண். "தலையாட்டுறது கன்பார்ம் கிடையாதும்மா, காதுல விழணும்," என்றார் தேர்வு எடுத்தவர். பயந்தால் பக்கத்திலிருப்பவர் முகத்தைப் பார்ப்பது அவளுக்குச் சின்ன வயதுப் பழக்கம். பெரும்பாலும் அது அண்ணன் முகமாகத்தான் இருக்கும். அதனால் அண்ணனே ஒரு சட்டம் போட்டிருந்தான். "உக்காந்துட்டா என் மூஞ்சியப் பாக்கக் கூடாது பாப்பா. நான் சொல்ற வரைக்கும் திரும்பாத."

பதினைந்து நாளாக அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

இன்றும் அப்படித்தான். ஆறு மணிக்குக் கரண்ட் போனது. அம்மா வளைகாப்புக்குக் காட்டுமன்னார்கோயில் போயிருந்தாள். இவள் லேப்டாப் வெளிச்சத்தில் உட்கார்ந்து தயாராகிக்கொண்டிருக்கும்போதே கீழே கிரில் கதவு கிறீச்சிட்டது, படியில் செருப்புச் சத்தம் கேட்டது, நாற்காலி முனகியது. மழையில் பைக்கில் நாற்பது கிலோமீட்டர் வந்திருக்கிறான், தலையைத் துவட்டிக்கொண்டு வா என்று சொன்னாள். நாற்காலியிலிருந்து அவன் எழுந்திருக்கவில்லை. களைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

"அடுத்தது," என்றாள்.

"ஏழு."

"தாள்ல பதிமூணு."

"ஏழு."

வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போலிருந்தது குரல். ஹெல்மெட்டைக் கழற்றவில்லையோ என்னவோ. அவள் ஏழைப் போட்டாள். கன்பார்ம் கேட்டாள், கிடைத்தது, அழுத்தினாள். மேசையில் கவிழ்த்து வைத்திருந்த செல்போன் உறுமியது. பயிற்சியின்போது போனை எடுக்கக் கூடாது என்பதும் அண்ணன் சட்டம்தான். உறுமி உறுமித் தானே ஓய்ந்தது.

அறையில் ஒரு வாடை பரவியிருந்தது. ஈரத் துணி வாடை என்று முதலில் நினைத்தாள். இல்லை, இது வாய்க்கால் வாடை. அழுகிய புல்லும் சேறும் கொஞ்சம் பெட்ரோலும் கலந்த வாடை. அவள் பாதத்தில் ஏதோ சில்லென்று பட்டது. தண்ணீர். இடது பக்கத்திலிருந்து தரையில் மெல்ல ஓடி வந்து அவள் விரல்களைச் சுற்றிக்கொண்டது. துணியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் இவ்வளவு இருக்குமா?

"அண்ணே, குளிருதா உனக்கு?"

"நாலு."

போன் மறுபடி உறுமியது. அவள் நாலைப் போட்டாள். கேட்டாள். அழுத்தினாள். போன் ஓய்ந்தது.

பன்னிரண்டு, பத்து, ஏழு, நாலு. எதுவோ இறங்கிக்கொண்டே வருகிறது என்று அப்போதுதான் தோன்றியது. முதல் நாள் அண்ணனுக்கு இதை விளக்கியது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு உயரத்திலும் இவ்வளவு குளிர்தான் இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு ஒரு கணக்கு இருக்கிறது, உண்மையில் அதைவிட எத்தனை டிகிரி கூட, எத்தனை டிகிரி குறைவு என்பதை மட்டும் நாம் சொல்ல வேண்டும், அதற்குப் பெயர் டீவியேஷன் என்றாள். அவன் சிரித்தான். "அப்ப எனக்கும் டீவியேஷன் இருக்கு பாப்பா. மழை நாள்ல வெளிய இருபத்தஞ்சு. என் ஒடம்பு முப்பத்தேழு. ப்ளஸ் பன்னெண்டு. அது ஜீரோ ஆயிட்டா தூக்கிட்டுப் போயிட வேண்டிதான்."

வாயைக் கழுவு என்று அவனைத் திட்டியிருந்தாள்.

"ஒண்ணு," என்றது குரல்.

கை தானாகவே போட்டது. வாய் தானாகவே கேட்டது. பதினைந்து நாள் பழக்கம். அழுத்திய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கரண்ட் இல்லை. லேப்டாப் வெளிச்சம் அவள் மடியோடு சரி. அண்ணன் எந்த வெளிச்சத்தில் தாளைப் படிக்கிறான்?

முழங்கையை நகர்த்தினாள். இருக்கிற ஒரே தாள் அவள் முழங்கைக்கு அடியில் இருந்தது. ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் இருந்தது.

திரும்ப வேண்டும் போலிருந்தது. கழுத்து திரும்பவில்லை.

"ஜீரோ."

பூஜ்யத்தை அவள் போடத்தான் செய்தாள். பச்சை பல்பு எரிந்தது. "கன்பார்ம்?" என்று கேட்க வாய் வரவில்லை. மூன்றாவது முறையாகப் போன் உறுமியது. மேசை விளிம்பு வரை நகர்ந்து, அவள் மடியில் விழுந்து, மல்லாந்தது.

கூப்பிடுவது அண்ணன் நம்பர்.

எடுத்தாள்.

"அலோ, யாரும்மா? நான் புதுச்சத்திரத்துலேந்து ராஜமாணிக்கம் பேசுறேன். இந்தப் போனுக்காரரு வண்டியோட வாய்க்கால்ல கெடந்தாரும்மா. இவரு போன்ல கடேசியா இருந்த நம்பர் ஒன்னுதுதான். எம்மாம் நேரமா அடிக்கிறோம், எடுக்கவே மாட்டேங்கிற."

"உசிரு இருக்கா?" என்று அவள் குரல் கேட்டது.

"இருக்குதும்மா, லேசா இழுக்குது. ஒடம்புதான் ஜில்லுனு ஆயிட்டே வருது. நூத்தியெட்டு வந்துக்கிட்டிருக்கு."

பச்சை பல்பு எரிந்துகொண்டிருந்தது. எரிகிறவரை எண் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். அழுத்தினால்தான் போகும். உள்ளே அனுப்பாமல் அழிக்கவும் ஒரு பட்டன் உண்டு. அதைத் தேடி அழுத்தினாள்.

பல்பு அணைந்தது. திரையில் பூஜ்யம் போய் ஒன்று வந்தது.

"இரும்மா, இரு," என்றார் ராஜமாணிக்கம். "கண்ணத் தொறக்குறாரு. மூச்சு நல்லா வர்றாப்ல இருக்கு."

அவளுக்கு அழுகை வந்தது. அண்ணே, இருண்ணே, வந்துடுறேன் என்று போனுக்குள் சொன்னாள்.

டக்.

அவள் பட்டனைத் தொடவில்லை. திரையில் பூஜ்யம்.

பச்சை பல்பு.

உள்ளங்கையை விரித்துப் பெட்டியை மூடினாள். முழு பலத்தோடு அமுக்கிப் பிடித்தாள். தண்ணீர் சொட்டியது, அவள் மணிக்கட்டில். பிறகு ஒரு கை அவள் கை மேல் வந்து படிந்தது. வெளிக்காற்று எவ்வளவு குளிரோ அவ்வளவே குளிர். நகக்கண்ணில் சேறு. கட்டை விரலில் சால்ட்ரிங் சுட்ட தழும்பு. அந்தத் தழும்பு அவளுக்குத் தெரியும். இந்தப் பெட்டியைச் செய்யும்போது சுட்டது.

அது அவசரப்படவில்லை. அவள் சுண்டு விரலைத் தூக்கி நகர்த்தியது. மோதிர விரலை. நடு விரலை. சின்னக் குழந்தையின் பிடியை நோகாமல் விடுவிப்பது போல.

"கன்பார்ம்," என்றது.

அழுத்தியது.

பல்பு அணைந்தது. போனில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ தூரத்தில் ராஜமாணிக்கத்தை, விடுங்கண்ணே, போதும் என்று சொன்னார்கள்.

இளவரசி சுவரிலிருந்த ஃபிளெக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது பக்கம் நாற்காலி முனகியது. தண்ணீர் சொட்டும் சத்தம் நெருங்கி அவள் காதோரம் வந்து நின்றது. மூச்சு இல்லை. வாய்க்கால் வாடை மட்டும்.

"இப்பத் திரும்பலாம் பாப்பா," என்றது அண்ணன் குரல். "என் மூஞ்சியப் பாரு."