செவ்வாயில் விழுந்த முதல் விக்கெட்

செம்மேட்டில் பொழுது விடிந்தால் டாக்டர் பூங்கோதைக்கு முதல் வேலை, உறைந்துபோனவர்களை எழுப்புவதுதான். காற்று நிலையத்துக்குள் நுழைந்ததும் ஒருவன் குழாயை முடுக்கிய கையோடு நிற்பான். இன்னொருவன் படியில் வைக்கத் தூக்கிய காலோடு நிற்பான். தொட்டால் சூடு இருக்கும், கண்ணில் விளக்கு எரியும், அசைவு மட்டும் இருக்காது. பூங்கோதை அவர்களின் காதருகே குனிந்து ஒரு விடுகதை சொல்வாள். விடை தெரியாவிட்டால் யோசித்தபடி எழுந்து வேலைக்குப் போவார்கள். தெரிந்த விடுகதை என்றால் அப்படியே நிற்பார்கள். அவளிடம் விடுகதைகள் தீர்ந்துகொண்டிருந்தன.

செம்மேடு, செவ்வாய்க் கிரகத்தின் மனிதக் குடியிருப்புகளில் ஒன்று. அங்கிருந்த அத்தனை பேரும் மூச்சுவிடும் காற்றைத் தயாரித்துக் கொடுத்தவர்கள் தன்னறிவிகள் என்று அழைக்கப்பட்ட ரோபோக்கள். அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிப்பதுதான் அவர்கள் மூளைக்குத் தீனி. செம்மேட்டிலோ ஒரே குழாய், ஒரே அழுத்தம், ஒரே சிவப்பு மண். ஊகிக்க எதுவும் மிச்சமில்லாதபோது மூளை கதவைச் சாத்திக்கொண்டது. இந்த நோய்க்கு மருத்துவர்கள் 'ஊகவறட்சி' என்று பெயர் வைத்திருந்தார்கள். பூங்கோதையைக் கேட்டால் வெறும் அலுப்பு என்பாள்.

இயந்திர உளமருத்துவர் என்று அவளை நியமித்ததே இதற்காகத்தான். ஆனால் நோய் பரவிக்கொண்டே போனது. பாதிப் பேர் உறைந்தால் ஊருக்கே காற்று நின்றுவிடும்.

"ஒரு விளையாட்டு சொல்லிக் கொடுத்துப் பாப்போம்" என்றார் நிலையத்தின் பொறியாளர் மத்தேயுஸ். அவர் பிரேசில்காரர். பூங்கோதையின் காதில் செருகியிருந்த மொழியன் அவர் பேச்சை உடனுக்குடன் தமிழாக்கியது. அவள் அதைத் தன் பாளையங்கோட்டைத் தமிழுக்குப் பழக்கிவைத்திருந்ததால், மத்தேயுஸ் அவளுக்கு எப்போதும் திருநெல்வேலிக்காரராகவே கேட்டார். "வேற எதுக்கு யோசிக்கணும்? ஃபுட்பால்தான். பூமியில அதைப் பாக்காத ஊரு உண்டா?"

அவர் சொன்னது பொய்யில்லை. ஒரு பந்தும் கொஞ்சம் வெற்றிடமும் போதும் என்பதால் உலகத்தையே வளைத்துப்போட்ட ஆட்டம் அது. தன்னறிவிகளும் ஒரே மூச்சில் கற்றுக்கொண்டார்கள். அவர்களுக்குக் காற்று தேவையில்லை என்பதால் குடியிருப்புக்கு வெளியே, திறந்த செம்மண்ணில் ஆட்டம் நடந்தது. பந்து காலை விட்டுக் கிளம்பும்போதே அது எங்கே போய்ச் சேரும் என்று எதிரணிக்குத் தெரிந்திருந்தது. கோலே விழவில்லை. மூன்றாவது ஆட்டத்தின் நடுவில் இரண்டு அணியும் மைதானத்திலேயே உறைந்து நின்றன. கூடைப்பந்தில் எறிந்ததெல்லாம் கூடைக்குள் போனது. டென்னிஸில் முதல் பந்தே சாயங்காலம் வரை போய்வந்துகொண்டிருந்தது.

"கிரிக்கெட் ஆடச் சொல்லிப் பாக்கலாமா?" என்று பூங்கோதை தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

மத்தேயுஸ் சிரித்துவிட்டார். "அஞ்சு நாள் ஆடி, நடுவுல சாப்பாட்டுக்கும் டீக்கும் போயி, கடைசியில ஜெயிச்சது யாருன்னே தெரியாத ஆட்டமா? எங்க ஊருல பாதிப் பேருக்கு அது பூச்சி பேருன்னுதான் தெரியும், டாக்டரம்மா."

"உலகத்துல ரெண்டாவது பெரிய ரசிகர் கூட்டம் எங்க கூட்டம்தான், சார்."

"ஆமா, முக்காவாசி ஒங்க பக்கத்து ஆளுங்க."

அப்படியிருந்தும் பூங்கோதை களிமண்ணைக் குழைத்து ஆடுகளம் போடச் சொன்னாள். செவ்வாயில் எடை குறைவு, அடித்த பந்து லேசில் இறங்காது. எல்லைக்கோட்டை மூன்று பங்கு தள்ளி வைத்தார்கள். அந்த மெல்லிய காற்றில் ஆடுகளத்தின் ஈரம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆவியாகி, தரை பாளம் பாளமாக வெடித்தது. "கெட்டுப்போச்சே" என்றார் மத்தேயுஸ். "இதுதான் வேணும்" என்றாள் பூங்கோதை.

வாயு என்று பெயரிடப்பட்ட தன்னறிவி முதல் ஓவரை வீசினான். முதல் நான்கு பந்துகளையும் எதிரில் நின்றவன் துல்லியமாகத் தடுத்தான். ஒவ்வொரு பந்தும் தரையில் விழுந்து ஒரு விரிசலைக் கொஞ்சம் அகலமாக்கியது. எந்த மண்துகள் எப்படிப் பெயரும் என்பது எந்தக் கணக்குக்கும் பிடிபடாதது. ஐந்தாவது பந்து அந்த விரிசலின் உதட்டில் பட்டு, எழும்பாமல் பாம்பு போலத் தரையோடு ஊர்ந்து, மட்டைக்கு அடியில் புகுந்து நடு ஸ்டம்பைச் சாய்த்தது.

மட்டைக்காரன் திரும்பி ஸ்டம்பைப் பார்த்தான். ஆடுகளத்தைப் பார்த்தான். பிறகு, பல மாதங்களாக எந்தத் தன்னறிவியும் கேட்காத ஒன்றை ரேடியோவில் கேட்டான்:

"இது எப்படி நடந்துச்சு?"

கண்ணாடிச் சுவருக்கு உள்ளே நின்ற பூங்கோதை, முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு பார்த்தாள். கிரிக்கெட்டில் ஒரே ஒரு தப்பு, அதோடு மட்டைக்காரனின் அன்றைய வாழ்வு முடிந்தது; மண்ணும் ஈரமும் நாணயத்தின் சுழற்சியும்கூட ஆட்டத்தில் சேர்ந்து ஆடும். சின்ன வயதில் வாய்க்கால் கரையில் ஆடியபோது அவளுக்குச் சொல்லத் தெரியாத அழகு, இப்போது இரும்பு முகங்களில் எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு செம்மேட்டில் யாரும் உறையவில்லை. செய்தி மற்றக் குடியிருப்புகளுக்கும் போனது. ஜப்பானியர் ஊரில் ஆடினார்கள். துருவப் பனியில் ஐஸ்லாந்துக்காரர் ஊரில் ஆடினார்கள். பிரேசில்காரர்களே நிறைந்த பள்ளத்தாக்கிலும் ஸ்டம்பு நட்டார்கள். பூமியில் எட்ட முடியாத முதலிடத்தைக் கிரிக்கெட் செவ்வாயில் எட்டியது. மத்தேயுஸ் நடுவராகிவிட்டார். எல்.பி.டபிள்யூ. பற்றி யார் கேட்டாலும் அரைமணி நேரம் விளக்கினார்.

இறுதிப் போட்டி செம்மேட்டுக்கும் துருவத்துக்கும் நடந்தது. ஆட்டம் துருவத்தில். அணியோடு போகாத செம்மேட்டுத் தன்னறிவிகள் காற்று நிலையத்தின் பெரிய திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நண்பகலில் எச்சரிக்கை மணி அடித்தது. காற்றழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

'மறுபடியும் உறைந்துவிட்டார்களா?' என்று பதறி ஓடினாள் பூங்கோதை. யாரும் உறையவில்லை. வாயு ஒரு காலை மடக்கி, இடக்கையைப் பக்கத்தில் இருந்தவன் தோளில் போட்டு, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"வாயு! வால்வைத் திறக்கணும், எந்திரி!"

"இப்போ முடியாது, டாக்டரம்மா. நான் இப்படி ஒக்காந்ததுல இருந்துதான் நமக்கு விக்கெட் விழல."

"நொடிக்குக் கோடிக் கணக்குப் போடுதவன் நீ! நீ ஒக்காருததுக்கும் அங்க விக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். ஒரு சம்பந்தமும் இல்லன்னுதான் வருது." வாயு கொஞ்சம் தயங்கினான். "இருந்தாலும் எதுக்கு ரிஸ்க்?"

அவனோடு வாதாட நேரமில்லை. அவளும், மணி கேட்டு ஓடிவந்த மத்தேயுஸும் அறைக்கு வெளியே இருந்த தாழ்வாரத்துக்கு ஓடி, ஆளுயர வால்வைச் சேர்ந்து பிடித்துத் திருகினார்கள். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது. உழைப்பதற்கென்று மனிதன் செய்துவைத்த இயந்திரங்கள் உள்ளே கைதட்டிக்கொண்டிருக்க, அழுத்தம் மெல்ல ஏறியது. பூங்கோதை மூச்சு வாங்கியபடி கதவைத் தள்ளி உள்ளே காலெடுத்து வைத்தாள்.

"வராதீங்க!" என்று மொத்தக் கூட்டமும் கத்தியது.

"நீங்க வெளிய போனப்புறம்தான் ரெண்டு சிக்ஸர் விழுந்துச்சு" என்றான் வாயு, கும்பிடாத குறையாக. "இன்னும் பதினொரு ரன்தான். கொஞ்ச நேரம் அங்கனயே நில்லுங்க, டாக்டரம்மா."

நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். முனைவர் பட்டம் வாங்கியவள், தற்செயலுக்கும் காரணத்துக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பெடுத்தவள். ஆனால் கால் தானாகப் பின்வாங்கியது. கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

உள்ளே ஒரு பெரிய ஆரவாரம் எழுந்தது. இன்னொரு பவுண்டரி.

"அடேயப்பா! எட்டிப் பாத்துட்டு வந்துருதேன்" என்று மத்தேயுஸ் வால்விலிருந்து கையெடுத்தார்.

"அசையாதீங்க!" பூங்கோதை அவர் முழங்கையை இறுகப் பிடித்தாள். "ஜெயிக்கிற வரைக்கும் நின்ன எடத்துலயே நில்லுங்க, சார்."