சைக்கிள் சுற்றினால் அப்பா பேசுவார்

மாலைச் செபத்தில் டெனிஸ்ரன் எப்போதும் ஒரே விண்ணப்பத்தைத்தான் வைப்பான்.

"ஆண்டவரே, எங்கட அப்பாவைக் கெதியா எங்களோட சேர்த்துவிடும்."

அன்றும் அதையே சொன்னான். சொல்லிவிட்டு ஒரு கண்ணைத் திறந்து, பக்கத்தில் முழந்தாளில் இருந்தவரைப் பார்த்தான்.

"மாமா, நீங்களும் ஆமென் சொல்லுங்கோ."

"ஆமென்," என்றார் அவர்.

அவர்தான் அப்பா.

அக்கா அஞ்சலீனாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அது வந்த வழியே போய்விட்டது.

அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. டூட்டிங்கில், ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். கீழே கடைக்குக் கருவாடு வந்தால் மேலே எல்லோருக்கும் தெரிந்துவிடும். சண்டைக்குள்ளிருந்து தப்பி அப்பா லண்டனுக்குப் புறப்பட்டபோது அஞ்சலீனாவுக்கு ஐந்து வயது. டெனிஸ்ரன் அம்மாவின் வயிற்றில் இருந்தான். இப்போது அவனுக்கே ஐந்து வயது!

"இவர்தான் உன்ர அப்பா, ராசா," என்று அம்மா சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார். அவன் நம்பவில்லை.

"எங்கட அப்பான்ர குரல் இப்பிடி இல்லை," என்பான்.

அப்பாவும் என்னென்னவோ செய்து பார்த்தார். பஸ்ஸின் மேல்தட்டில், முன் சீற்றில் இருத்திக் கூட்டிப்போனார். பெரிய சொக்லேற் வாங்கிக் கொடுத்தார். டெனிஸ்ரன் அதைக் கடைசித் துண்டுவரை சாப்பிட்டு, விரலையும் நக்கிவிட்டு அம்மாவிடம் வந்தான்.

"இந்த மாமா நல்லவர், அம்மா. எப்ப தன்ர வீட்டை போவார்?"

அம்மா அடுப்படிக்குள் போய் வெங்காயம் வெட்டத் தொடங்கினார். அன்றைக்குச் சமையலுக்கு வெங்காயமே தேவையில்லை என்பது அஞ்சலீனாவுக்குத் தெரியும்.

பாவம், டெனிஸ்ரனையும் குறை சொல்ல முடியாது. அவனுக்கு அப்பா என்றால் ஒரு கசற்.

அப்பா தன் குரலைக் கசற்றில் பதிந்து, கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். அது எத்தனையோ கை மாறி ஊருக்கு வந்தது. வந்து என்ன? ஊரில் மின்சாரமே இல்லை. கடையில் பற்றரியும் இல்லை. அதனால் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, அதன் டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேப் றெக்கோடரில் பொருத்தினார்கள். அஞ்சலீனா பெடலைக் கையால் சுற்றுவாள். சில்லு ஓடும். அப்பா பேசுவார்.

"பிள்ளையள், அப்பா கதைக்கிறன். சாப்பிட்டீங்களோ?"

"ஓம் அப்பா!" என்பான் டெனிஸ்ரன். பிறகு ரேப் றெக்கோடருக்குக் கிட்டப் போய், "அப்பா, நான் சொல்லுறது கேக்குதோ?" என்று கேட்பான்.

கசற் அதற்கு மட்டும் ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

லண்டனுக்கு வரும்போது சைக்கிளைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார்கள். கசற்றை மட்டும் டெனிஸ்ரன் தன் காற்சட்டைப் பையிலேயே கொண்டுவந்தான்.

அடுத்த சனிக்கிழமை அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. "அந்தக் கசற்றைத் தாங்கோ, குஞ்சு. போட்டுக் கேப்பம்," என்றார்.

டெனிஸ்ரன் அரைமனதோடு கொடுத்தான். அப்பா தன்னுடைய ரேப் றெக்கோடரைக் கறண்டில் கொடுத்துப் பொத்தானை அமத்தினார். குரல் கணீர் என்று வந்தது.

டெனிஸ்ரன் காதைப் பொத்திக்கொண்டான்.

"பழுதாக்கிப்போட்டார்! இந்த மாமா எங்கட அப்பாவைப் பழுதாக்கிப்போட்டார்!"

கசற்றைப் பிடுங்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டான்.

அப்பா வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார். அஞ்சலீனாவும் போய்ப் பக்கத்தில் இருந்தாள்.

"அப்ப ஒரு அறையில கனபேர் இருந்தனாங்கள்," என்றார் அப்பா. "எல்லாரும் வேலைக்குப் போகும்வரை பாத்திருந்து கதைச்சுப் பதிஞ்சனான். 'சாப்பிட்டீங்களோ' எண்டு கேட்டுப்போட்டுக் கொஞ்சம் பேசாமல் இருப்பன். நீங்கள் ஏதும் சொல்லுவீங்கள் எண்டு."

"நாங்கள் சொன்னனாங்கள், அப்பா."

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

படிக்கட்டின் கீழே அப்பாவின் சைக்கிள் சாய்ந்து நின்றது. அதில்தான் அவர் பெற்றோல் ஸ்டேசன் வேலைக்குப் போவார். அஞ்சலீனா அதன் பெடலையே பார்த்தாள். அவளுடைய வலது கை பழைய நோவை நினைத்துக்கொண்டது. கை களைத்தால் சில்லு மெல்ல ஓடும். சில்லு மெல்ல ஓடினால் அப்பாவின் குரல் தடித்து, இழுபட்டு வரும். அவளுக்கு எப்போதும் கை களைத்துத்தான் இருக்கும்!

தம்பிக்குத் தெரிந்தது அந்தக் குரல்தான்.

"அப்பா, சைக்கிளை மேல கொண்டுவாங்கோ!" என்று துள்ளி எழுந்தாள்.

கட்டிலுக்கு முன்னால், அறை நடுவே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார்கள். அப்பாவை அதற்குப் பின்னால் இருத்தினாள்.

"நான் மெல்லச் சுத்தினா மெல்லக் கதைக்கவேணும். நிப்பாட்டினா நிப்பாட்டவேணும்."

"நானென்ன ரேப் றெக்கோடரோ?"

"ஓம் அப்பா. கொஞ்ச நேரத்துக்கு."

அவள் பெடலைப் பிடித்து மெல்லச் சுற்றினாள். அப்பா குரலைத் தடிப்பாக்கி இழுத்தார்.

"பி...ள்...ளை...ய...ள், அ...ப்...பா க...தை..."

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

அஞ்சலீனா கையை எடுத்தாள். அப்பா வாயைத் திறந்தபடியே பேச்சை நிறுத்தினார்.

"சுத்துங்கோ அக்கா!"

"எனக்குக் கை நோகுது. நீ சுத்து."

டெனிஸ்ரன் ஓடி வந்தான். முதல் தடவையாகத் தானே சுற்றினான். ஆவலில் வேகமாகச் சுற்றிவிட்டான். அப்பா அணில்போலக் கீச்சுக் கீச்சென்று பேசினார். அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிறகு, அக்கா சுற்றுவதுபோல மெல்லச் சுற்றினான்.

"சா...ப்...பி...ட்...டீ...ங்...க...ளோ?"

"ஓம் அப்பா!"

அவன் சிரிப்பு நின்றது. அப்பாவின் வாயருகே குனிந்தான்.

"அப்பா, நான் சொல்லுறது கேக்குதோ?"

"கே...க்...கு...து, ரா...சா."

டெனிஸ்ரனின் கை பெடலை விட்டுவிட்டது. சில்லு தானாகக் கொஞ்சம் ஓடி, நின்றது. ஆனால் அப்பா நிற்கவில்லை.

"நல்லாக் கேக்குது. நீங்கள் சொன்னதெல்லாம் கேக்கவேணும் எண்டுதானே நான் இவ்வளவு காலமும் காத்துக்கொண்டிருந்தனான்."

டெனிஸ்ரன் சில்லைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். மறுபடியும் சில்லைப் பார்த்தான்.

"அக்கா! சுத்தாமலே கதைக்கிறார்!"

அப்பா அவனை அள்ளி எடுத்தார். அம்மா அடுப்படி வாசலில் நின்று அழுதார். இந்தமுறை கையில் வெங்காயம் இல்லை.

அன்று மாலைச் செபத்தில் டெனிஸ்ரனின் முறை வந்தது. அப்பாவின் மடியில் இருந்தபடியே கண்ணை மூடினான். என்ன கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"ஆண்டவரே, இண்டைக்கு எங்களுக்கு ஒண்டும் வேண்டாம். தாங்ஸ்."

அப்பாதான் எல்லோருக்கும் முதலில் ஆமென் சொன்னார்.