முடிந்த கடனுக்கு ஒரு தவணை!

"ஆஆஆஆ!"

பல் மருத்துவமனையில் அலறல் கேட்பது அதிசயமில்லை. வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்த மூன்று பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான்காவது ஆள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

ஆனால்...

இந்த முறை அலறியது பேஷண்ட் இல்லை.

டாக்டர்!

வலது கையில் ஊசி. இடது கையில் செல்போன். நெற்றி முழுக்க வியர்வை. சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்தபடி படுத்திருந்த பெண்மணி, பஞ்சு அடைத்த வாயோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன ஆஷ்ஷு டாக்டர்?"

மரத்துப் போக ஊசி போட்டு ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. அவள் நாக்கு அவள் சொன்னபடி கேட்கவில்லை.

"திருட்டு மேடம்! பட்டப்பகல்ல! போனைக் கையில வச்சிருக்கும்போதே என் அக்கவுண்ட்லேருந்து உருவிட்டாங்க!"

அவள் பஞ்சைத் துப்பினாள்.

திருட்டு என்ற வார்த்தையைக் கேட்டால் அவளுக்குப் பல்வலி மறந்துவிடும். காரணம், சாதாரணப் புடவையில் இருந்தாலும் அவள் போலீஸ் இன்ஸ்பெக்டர்!

"எவ்வளவு?"

"ரெண்டு தவணை! ஒரே நிமிஷத்துல ரெண்டு! இப்ப மிச்சம் பதினேழு!"

"பதினேழாயிரமா?"

"வெறும் பதினேழு மேடம்..."

டாக்டரின் குரல் உடைந்தது. கதவோரம் நின்ற சிஸ்டரின் முகம் அதைவிட வேகமாக உடைந்தது. இன்றைக்கு அவளுக்குச் சம்பள நாள்!

"சார்... வீட்டுக்காரர்கிட்ட சாயங்காலம் வாடகை தர்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன் சார்..."

"தெரியும்மா. எனக்கு மட்டும் தெரியாதா?"

விஷயம் இதுதான். மூன்று வருடங்களுக்கு முன்பு எக்ஸ்ரே மெஷின் வாங்க டாக்டர் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் வாங்கினார். மாதா மாதம் ஐந்தாம் தேதி கம்பெனியே அவர் அக்கவுண்ட்டிலிருந்து தவணையை எடுத்துக்கொள்ளலாம் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். கம்பெனி எடுத்தது. எடுத்துக்கொண்டே இருந்தது. போன மாதம் கடைசித் தவணையும் முடிந்தது! 'கடன் பாக்கி இல்லை' என்று வந்த சான்றிதழை டாக்டர் லாமினேட் செய்து, தன் பட்டத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். பட்டத்தைவிட அது கொஞ்சம் பெரியது.

"முடிஞ்ச கடனுக்குத் தவணையா?" இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது. "போடுங்க போனை!"

போட்டார். ஸ்பீக்கரில் ஒரு குரல். தேன் தடவிய குரல்!

"வணக்கம் சார், சொல்லுங்க சார்."

"யோவ்! கடன்தான் முடிஞ்சுபோச்சே! அப்புறம் ஏன்யா எடுத்தீங்க?"

"சிஸ்டம்ல முடியலை சார்."

"எப்ப முடியும்?"

"சிஸ்டத்தைக் கேட்டுச் சொல்றேன் சார்."

இன்ஸ்பெக்டர் போனைப் பிடுங்கினாள்.

"ஏய்! நான் போலீஷ் பேஷறேன்!"

மறுமுனையில் குரல் குழம்பியது.

"என்னது... பாலிஷா? எங்களுக்கு ஷூ பாலிஷ் எல்லாம் வேணாம் மேடம். வச்சிடறேன்!"

டொக்!

பதினெட்டு வருட சர்வீஸில் இன்ஸ்பெக்டரிடம் இப்படி யாரும் போனை வைத்ததில்லை. மரத்துப் போன கன்னம்கூடச் சிவந்தது.

"கிளம்புங்க டாக்டர்... பேங்குக்கு!"

"உங்க பல்லு மேடம்? பாதியில நிக்குதே!"

"நிக்கட்டும்! அவன் நிக்கக் கூடாது!"

2

வங்கி மேனேஜர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார். பிறகு டாக்டரின் கையெழுத்தை.

"இது கையெழுத்தா சார்? நான் பல்லு வேர்னு நினைச்சேன்."

"என்னுதுதான் சார். ஆனா கடன் முடிஞ்சிருச்சே!"

"கடன் முடிஞ்சிருச்சு. நீங்க கொடுத்த அனுமதி முடியலையே. அது வேற, இது வேற." மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். "குடித்தனக்காரன் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டான். சாவியை வாங்கினீங்களா நீங்க?"

"இல்ல..."

"அதான் திறந்துட்டு வந்திருக்கான்!"

டாக்டர் தலையில் கை வைத்தார். தினம் இருபது பேர் வாயைத் திறந்து பார்க்கிறவர். தான் கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் திறந்து பார்த்ததில்லை.

"இப்ப என்ன சார் பண்றது? அடுத்த ஐந்தாம் தேதியும் வருவானே!"

"அதுவரைக்கும் ஏன் காத்திருப்பான்? காசு விழுந்தா நாளைக்கே வருவான். முதல்ல அந்த அனுமதியை ரத்து பண்ணச் சொல்லி எனக்கு எழுதிக் கொடுங்க. அதே மாதிரி கம்பெனிக்கும் ஒண்ணு எழுதி அனுப்புங்க, அனுப்பினதுக்கு ரசீது வச்சுக்கங்க. எடுத்த ரெண்டு தவணையும் என் சம்மதமில்லாம எடுத்ததுன்னு தனியா ஒரு புகார். மறுபடி கை நீட்டினா வெறுங்கையோட திரும்பிடுவான்."

"போன பணம் வருமா சார்?"

"விசாரிப்போம் சார்."

அந்த 'விசாரிப்போம்' எத்தனை மாதம் என்று டாக்டர் விரல் விட்டு எண்ணினார். சிஸ்டரின் சம்பளம் கண்ணுக்குள் வந்து நின்றது.

அதற்குள் இன்ஸ்பெக்டரின் போன் ஒலித்தது. கம்பெனி முகவரிக்கு அவள் அனுப்பிய கான்ஸ்டபிள்!

"மேடம், இங்க பூட்டு தொங்குது. கம்பெனியை மூடி ரெண்டு வாரம் ஆகுதாம். முதலாளி ஊரை விட்டே போயிட்டாராம்!"

இன்ஸ்பெக்டர் மெல்லச் சிரித்தாள். ஒரு பக்கம் மட்டும். மறுபக்கம் இன்னும் மரத்துத்தான் இருந்தது.

"கடையை மூடிட்டாங்க டாக்டர். ஆனா யாரோ ஒருத்தன் கல்லாவை மட்டும் திறந்து வச்சிருக்கான்!"

"எப்படி மேடம் பிடிக்கறது?"

"நாம பிடிக்கப் போறதில்ல. அவனே வருவான். தினம் வர்ற தண்ணி நின்னுபோனா குழாயடிக்கு யாரு முதல்ல ஓடி வர்றாங்கன்னு பாருங்க!"

அன்று மாலை டாக்டர் தன் கைக்கடிகாரத்தை விற்று சிஸ்டருக்குப் பாதிச் சம்பளம் கொடுத்தார். அவள் வாங்கத் தயங்கினாள். அவர் மணி பார்க்கிற மாதிரி வெறும் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "நேரமாச்சு, கிளம்பும்மா!" என்றார்.

வீட்டில் மனைவி காத்திருந்தாள். தையல் கடை வைத்திருப்பவள். துணியை மட்டுமல்ல, பேச்சையும் கச்சிதமாக வெட்டுவாள்.

"நீட்டின இடத்துல எல்லாம் கையெழுத்துப் போடுவீங்களா? படிக்க மாட்டீங்களா?"

"நம்ம கல்யாண ரிஜிஸ்டர்லகூடப் படிக்காமத்தான் போட்டேன்."

"அதுல மட்டும் என்ன நஷ்டமாயிடுச்சு உங்களுக்கு?"

டாக்டர் தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். அனுபவசாலி!

3

மூன்றாம் நாள் காலை.

கிளினிக் போன் அலறியது. அதே குரல். ஆனால் தேன் காணாமல் போயிருந்தது!

"என்ன டாக்டர் இது? அனுமதியை ரத்து பண்ணிட்டீங்களாமே! நேத்து எடுக்கப் போனா திரும்பி வந்துருச்சு!"

நாற்காலியில், பாதியில் நின்ற பல்லை முடிக்க வந்திருந்த இன்ஸ்பெக்டர், பேசுங்கள் என்று சைகை காட்டினாள்.

"அ... அது வந்து..."

"வந்து போயியெல்லாம் வேணாம்! பணம் வரலைன்னா உங்க கிளினிக் வாசல்ல நின்னு கத்துவேன். கடன்கார டாக்டர்னு! ஒரு பேஷண்ட் உள்ள வர மாட்டான்!"

இன்ஸ்பெக்டர் ஒரு பேப்பரில் கிறுக்கிக் காட்டினாள். டாக்டர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"கத்தாதீங்க சார். நேர்ல வாங்க... ரொக்கமா தந்துடறேன்."

மறுமுனையில் தேன் திரும்பி வந்தது!

"பதினோரு மணிக்கு வர்றேன் சார்."

பதினொன்றுக்கு வந்தான். முப்பது வயது. இஸ்திரி போட்ட சட்டை. கழுத்தில் சிவப்பு டை. முன் அறையில் பேஷண்ட் யாரும் இல்லை. சிஸ்டரின் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, முகமூடி கட்டிய ஒரு பெண் மட்டும் ட்ரேயில் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பணம்?" என்று கேட்டுச் சிரித்தான் டைக்காரன்.

அந்தச் சிரிப்பில்தான் மாட்டினான்!

டாக்டருக்குப் பயம் போய்விட்டது. பல்லைப் பார்த்துவிட்டாரே! இருபது வருடத் தொழில் புத்தி அது.

"ஐயையோ... சார், உங்க கடைவாய்ப் பல்லு! ராத்திரியில விண்ணு விண்ணுனு இழுக்குமே?"

டைக்காரன் திகைத்தான்.

"ஆமா! எப்படித் தெரியும்?"

"உட்காருங்க. காசு வேணாம், சும்மா பார்க்கறேன்."

இலவசம்! எத்தனை பேரைக் கவிழ்த்த வார்த்தை!

உட்கார்ந்தான். நாற்காலி மெல்லப் பின்னால் சாய்ந்தது. தலை கீழே. கால் மேலே. கண்ணுக்கு நேராக வெள்ளை விளக்கு.

"ஆ காட்டுங்க."

"ஆ..."

டர்ர்ர்ர்ர்ர்ர்!

துளை போடுகிற மெஷின் காற்றில் சுழன்றது. காற்றில் மட்டும்தான். முகமூடிப் பெண் குனிந்து அவன் காதருகே கேட்டாள்.

"கம்பெனியை மூடிட்டாங்களே... நீ யாருக்குப்பா வசூல் பண்றே?"

"நீ... நீங்க யாரு?"

முகமூடி இறங்கியது.

"போலீஸ். இன்னைக்கு நாக்கு நல்லா இருக்கு. சரியாக் கேட்குதா?"

அவன் எழப் பார்த்தான். சாய்ந்த நாற்காலியில் தலைகீழாக இருப்பவன் எங்கே எழுவது? கரப்பான் பூச்சி மாதிரி கால் இரண்டும் காற்றை உதைத்தன.

"சொல்லிடறேன்! சொல்லிடறேன்! மெஷினை நிறுத்தச் சொல்லுங்க!"

"இன்னும் வாய்க்குள்ளயே வைக்கலையேப்பா!" என்றார் டாக்டர் வருத்தத்தோடு.

கொட்டினான். அந்தக் கம்பெனியில் வசூல் கிளார்க். முதலாளி ஓடிப்போனதும் சம்பளம் நின்றது. கம்பெனியின் பாஸ்வேர்டு மட்டும் அவனிடம் இருந்தது. கடன் முடித்த வாடிக்கையாளர் பதினாலு பேர், அனுமதியை ரத்து செய்யாமல் விட்டிருந்தார்கள். ஒவ்வொருவர் அக்கவுண்ட்டிலும் கை வைத்து, வந்ததைத் தன் அக்கவுண்ட்டுக்கு மாற்றினான்...

"பணம் எங்க?" என்று கர்ஜித்தாள் இன்ஸ்பெக்டர்.

"இல்ல மேடம்!"

"டாக்டர், மெஷினைப் போடுங்க!"

"சத்தியமா இல்ல மேடம்! ஒரு பைசா என் அக்கவுண்ட்ல தங்கலை!" டைக்காரன் விசும்ப ஆரம்பித்தான். "நானே ஒரு கடன்காரன். போன வருஷம் ஒரு அம்மாகிட்ட வட்டிக்கு வாங்கினேன். ரொம்பப் பொல்லாத அம்மா! என்னையே பேங்குக்கு இழுத்துட்டுப் போயி, என் அக்கவுண்ட்ல பணம் விழுந்த உடனே தன் அக்கவுண்ட்டுக்குப் போற மாதிரி கையெழுத்து வாங்கிட்டாங்க. நான் திருடித் திருடி உள்ள போடறேன்... அந்தம்மா அஞ்சு நிமிஷத்துல உருவிடறாங்க!"

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வலி அவருக்குத் தெரியும்.

"பாவம்யா நீ..." என்று அவன் தோளைத் தட்டினார்.

"டாக்டர்! அவன் அக்யூஸ்ட்!" இன்ஸ்பெக்டர் போனை எடுத்தாள். "அந்தம்மா நம்பரைச் சொல்லு. அந்தப் பணம் மொத்தமும் திருட்டுப் பணம். இப்பவே வரவழைக்கறேன்!"

அவன் சொல்லச் சொல்ல அழுத்தினாள்.

டிர்ரிங்... டிர்ரிங்...

மறுமுனையில் மணி அடித்தது.

இந்த முனையிலும் மணி அடித்தது!

கதவுக்கு வெளியே!

மூவரும் திரும்பினார்கள். கதவு திறந்தது. ஒரு கையில் கணவனுக்குச் சாப்பாட்டு டப்பா, மறு கையில் போன்.

"ஹலோ, யாரு? தவணை லேட்டானா வட்டி ஏறும்னு தெரியுமில்ல?"

டாக்டரின் மனைவி!

"நீயா?" டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான். தையல் கடை லாபத்துல கொஞ்சம் கொடுக்கல் வாங்கல். உங்ககிட்ட சொன்னா தினம் ஒரு மெஷின் வாங்குவீங்க, அதான் சொல்லலை." அவள் பார்வை நாற்காலிக்குப் போனது. "இவன் எங்க இங்க? தலைகீழா வேற கிடக்கான்?"

"பொல்லாத அம்மா!" என்று நடுங்கினான் டைக்காரன்.

இன்ஸ்பெக்டர் நடந்ததைச் சொன்னாள். கேட்கக் கேட்க மனைவியின் முகம் வெளுத்தது.

"அப்போ... இவரு பணமா? ரெண்டு நாளா நான் திட்டினேனே... அந்தப் பணம் என்கிட்டயேவா இருந்துச்சு?"

"உங்ககிட்டதான். மத்தப் பதிமூணு பேர் பணமும்" என்றாள் இன்ஸ்பெக்டர். "தெரியாம வாங்கினீங்க, சரி. தெரிஞ்ச அப்புறம் வச்சுக்க முடியாது. முழுசா ஒப்படைக்கணும்."

மனைவி சாப்பாட்டு டப்பாவை மேஜையில் வைத்தாள்.

"அடுத்தவங்க காசு எனக்கு எதுக்கு? இப்பவே பேங்குக்கு வர்றேன். இவன் எனக்குத் தரவேண்டியதை ஜெயில்லேருந்து வந்து தரட்டும்."

டைக்காரன் கையில் விலங்கு ஏறியது. ஜெயில் என்றதும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி. அந்தம்மா அங்கே வர முடியாதல்லவா!

டாக்டர் தயங்கித் தயங்கி மனைவியின் பக்கத்தில் வந்தார்.

"அது இல்லம்மா... என் பணம் கைக்கு வர கேஸ், கோர்ட்டுனு நாளாகுமாம். சிஸ்டருக்கு மீதிச் சம்பளம் தரணும். உன் சொந்தக் காசுல எனக்கு ஒரு கடன்..."

"தரலாம். பாவம், அவ எத்தனை நாள் பொறுப்பா?"

"வட்டி?"

"இவனுக்குப் போட்டதுதான்."

"புருஷனுக்குத் தள்ளுபடி எதுவும் கிடையாதாம்மா?"

"உண்டே! இவன் தவணை தவறினா வாசல் வரைக்கும் போயி கத்தணும். உங்ககிட்ட வீட்டுக்குள்ளயே கத்திக்கலாம்... பெட்ரோல் செலவைக் கழிச்சுக்கறேன்!"